மாப்பிள்ளைக் கோட்டு

கப்பலில் ஒருநாள் இரவு விருந்துக்கு ஆண்கள் கோட்டு போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று மகள் போனில் சொன்னாள். "அங்க யார்யாரு இருப்பாங்க?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். கோட்டு என்றதும் மற்றவர்கள் என்ன நிறம், எங்கே வாங்குவது என்று கேட்பார்கள். எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. அறுபதைத் தாண்டியும் வருகிறது.

அவள் தன் சம்பளத்தில் தன்னோடு எனக்கும் என் மனைவிக்கும் சேர்த்து, சென்னையில் கிளம்பிக் கடலைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பலில் டிக்கெட் போட்டிருந்தாள். விதிமுறைகளைப் படித்துக் காட்டினாள். மற்ற நாட்களில் சாதாரணச் சட்டை போதும். அரைக்கால் டவுசரும் ரப்பர் செருப்பும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஆகாது. விருந்து இரவுக்கு மட்டும் கறுப்பு அல்லது கருநீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, டை, ஷூ.

"கோட்டு புடிக்கலன்னா வேட்டி சட்டகூட ஓகேதாம்பா. அவங்கவங்க ஊரு டிரெஸ்ஸு போட்டுக்கலாம்னு போட்டிருக்குது."

"ரெண்டுல எது பத்திரம்?"

"டிரெஸ்ஸுல இன்னாப்பா பத்திரம்?"

போனை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். கோட்டா வேட்டியா என்ற கேள்வி எனக்கு இதற்கு முன்னும் ஒருமுறை வந்திருக்கிறது. அன்று தப்பாக முடிவு செய்திருந்தால் இந்த மகள் பிறந்திருக்கமாட்டாள்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரத்தில்தான் எனக்குக் கல்யாணம்.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். எங்கள் ஊர் என்று சொல்வது பழக்க தோஷம். நாங்கள் இருந்தது ஊருக்கு வெளியே, மாதா கோயிலைச் சுற்றியிருந்த காலனியில். அப்பா அந்தக் கோயிலின் உபதேசியார். சாமியார் எப்போதாவது வருவார்; மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் முன்னால் நிற்பது எல்லாம் அப்பாதான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று சாமியார் வரவில்லை என்றால் நெற்றியில் சாம்பல் பூசுவதும் அவர் கைதான்.

எங்கள் கோயிலுக்கு ஒரே ஒரு கோட்டு இருந்தது. கருநீலம். கோலார் பக்கம் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் தன் கல்யாணத்துக்குத் தைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு காலனியில் கல்யாணம் செய்த அத்தனை பேரும் அதைப் போட்டுக்கொண்டுதான் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். ஒல்லியானவனுக்கு முதுகில் ஊக்குக் குத்தி இறுக்குவார்கள். குண்டானவன் பொத்தான் போடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். சித்திரை வெயிலில் ஒருவன் தாலி கட்டுவதற்கு முன்பே மயங்கி விழுந்தான். தண்ணீர் தெளித்து எழுப்பினார்களே தவிர கோட்டைக் கழற்றவில்லை. வருஷம் முழுக்க அடுத்தவர் கழனியில் வெற்று முதுகோடு குனிகிறவனுக்கு அந்த ஒரு நாள் கோட்டு வேண்டியிருந்தது. கேலி செய்கிறேனே ஒழிய, எனக்கும் அந்த ஆசை இருந்தது. முதல் நாளே போட்டுப் பார்த்துவிட்டேன். கை கொஞ்சம் நீளம், மற்றபடி பொருத்தம்தான்.

மறியல் செய்த ஊர்த்தெருக்காரர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டும், கல்லூரியில் இடம் வேண்டும் என்றார்கள். வாத்தியார் வேலைக்குக் காத்துக் கிடந்த எனக்கு அது புரியாதா? ஆனால் கூட்டம் கூடினால் கோபம் அரசாங்கத்தோடு நிற்பதில்லை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டார்கள். பஸ் நின்றது. கிழக்கே எங்கோ காலனிக் குடிசைகள் எரிந்ததாகச் சேதி வந்தது. எந்த ஊர், எந்தத் தெரு என்று சொல்ல ஆளில்லை. சாயந்திரம் அந்தத் திசையில் புகை தெரிந்தது. கரும்புத் தோகை கொளுத்துகிற புகையாகவும் இருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பெண்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோயிலுக்குள் படுத்தார்கள். நாங்கள் வெளியே உட்கார்ந்து, நாய் குரைக்கும்போதெல்லாம் எழுந்து நின்றோம்.

கல்யாணத்தைத் தள்ளிப்போடவும் வழியில்லை. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. சாமியார் கொடுத்த நாள் அது ஒன்றுதான். பெண் வீடு மூங்கில்துறைப்பட்டில், சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில். போன் கிடையாது, ஆள் அனுப்ப பஸ்ஸும் கிடையாது. பந்தல் போட்டுக் காத்திருப்பார்கள். நாங்கள் போகாவிட்டால் மறியல் என்றா நினைப்பார்கள்? மாப்பிள்ளை வீடு கைவிட்டுவிட்டது என்றுதான் ஊர் பேசும். பெண்ணின் பெயர் கெட்டுப்போகும்.

"கல்யாண வண்டி, சாவு வண்டி, பால் வண்டி மூணையும் வுட்றாங்களாம்" என்று அப்பாவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் கிளம்பினோம். வேன்காரர்கள் கண்ணாடி உடையும் என்று வர மறுத்துவிட்டார்கள். அக்கா கணவர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டரின் டிரைவர். அவர் டிராக்டரையும் டிரெய்லரையும் விடியும்போது காலனிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்.

அப்பா கோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "போட்டுக்க. மாப்ளன்னு தூரத்துலயே தெரியணும். கேள்வி கேக்காம வுட்டுடுவாங்க."

அக்கா கணவர் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். "மாமா, நீங்க சொல்றது சரிதான். மாப்ளன்னு தூரத்துலயே தெரியும். யாரு வூட்டு மாப்ளன்னும் தெரியும்."

"இன்னா சொல்ற?"

"அவுங்க வூட்டு மாப்ள கோட்டா போடுவான்? பட்டு வேட்டி கட்டுவான், நெத்தில துன்னூறு இருக்கும். கோட்டு போட்டா வேதக்காரன், மாதா கோயில் ஆளு. வேதக்காரன்னா எந்தத் தெருன்னு கேக்கவே வேணாம் மாமா. நம்மளே சொல்லிக்கினு போற மாதிரி."

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்களைக் காப்பாற்றும் என்று அவர் நம்பிய பொருளே எங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பது அதுவரை அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. எங்கள் கண்ணுக்குக் கோட்டு என்றால் கலெக்டர், வக்கீல், மாப்பிள்ளை. ஊர்க்காரர் கண்ணுக்கு அது காலனி.

"எம்மவன மாப்ளையாத்தான் கூட்டிக்கினு போவேன். வேஷம் கட்டி இல்ல" என்றார் அப்பா.

அம்மா கும்பலை விலக்கிக்கொண்டு வந்து கோட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள். "எம்புள்ள உசுரோட போய்ச் சேரணும். கோட்டு போட்டுக்கினு கெடந்தா நீங்களா எழுப்புவீங்க?" அப்படி அம்மா அவரிடம் பேசி நான் கேட்டதில்லை. கோட்டைச் சுருட்டி, பெண் வீட்டுக்குக் கொண்டுபோகும் அண்டாவின் அடியில் வைத்து மேலே அரிசியைக் கொட்டினாள்.

வேட்டி கட்டியாயிற்று. நெற்றிக்கு? உபதேசியார் வீட்டில் திருநீறு ஏது? எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் அடுப்படிக்குப் போனார். வறட்டி எரிந்த வெள்ளைச் சாம்பலை எடுத்து, துண்டின் நுனியில் சலித்து, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். "நானே பூசறேன். பாவம் எங்கிட்டயே இருக்கட்டும்."

அவருடைய கட்டைவிரல் என் நெற்றியில் மேலிருந்து கீழே இறங்கியது. பிறகு இடமிருந்து வலமாகப் போனது. உதடுகூடப் பழக்கத்தில் அசைந்தது.

"ஐயோ மாமா! சிலுவ போட்டுட்டீங்களே!"

சாம்பல் புதனன்று எத்தனையோ நெற்றிகளில் போட்ட கை அது. சாம்பலைத் தொட்டால் அதற்கு வேறு கோடு தெரியாது. அக்கா கணவர் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, தன் மூன்று விரல்களால் பட்டை போட்டார். அப்பா சுவரோரம் போய்த் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பெரிய ரோட்டை விட்டு ஏரிக்கரை, வண்டிப்பாதை என்று சுற்றினோம். கள்ளக்குறிச்சிக்குள் நுழையவில்லை. மேற்கே கல்வராயன் மலைமேல் மேகம் கறுத்திருந்தது. டிரெய்லரில் அப்பா, அம்மா, அக்கா, நான், சீர் சாமான். வேறு யாரையும் அழைத்து வரவில்லை. கூட்டம் குறைந்தால் கேள்வியும் குறையும் என்பது அக்கா கணவரின் கணக்கு. டிராக்டர் போட்ட சத்தம் இருக்கிறதே, இதோ வருகிறோம் என்று தமுக்கு அடித்துக்கொண்டு போவது மாதிரி இருந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. நெற்றியைத் தொடவும் பயம். மேலே இருக்கும் மூன்று கோடும் கரைந்து, அடியில் அப்பா போட்ட சிலுவை வெளியே வந்துவிடுமோ என்று பயம். துடைத்தாயிற்று என்று புத்திக்குத் தெரியும். புத்தி சொன்னதை நெற்றி கேட்கவில்லை. "தெரியுதா, தெரியுதா" என்று அக்காவைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

சங்கராபுரம் தாண்டி ஓடைப் பாலத்துக்காக ரோட்டில் ஏறித்தான் ஆக வேண்டும். ஏறியதும் மரம். பெரிய புளியமரம், இலைகூட வாடவில்லை. அதன்மேலும் பக்கத்திலுமாக ஆட்கள், கையில் கோடாலி, கழி. திரும்ப இடமில்லை. அக்கா கணவர் வண்டியை நிறுத்தினார். டிராக்டர் சத்தம் அடங்கியதும் அம்மா வாய்க்குள் செபமாலை சொல்வது கேட்டது. அப்பா அவள் கையை அழுத்தினார். அவள் நிறுத்திக்கொண்டாள்.

என் வயசு ஆள் ஒருவன் டிரெய்லர் சக்கரத்தில் கால் வைத்து ஏறி எட்டிப் பார்த்தான். "எங்க போறீங்க?"

"கல்யாணமுங்க. மாப்ள வூடு" என்றார் அக்கா கணவர்.

"எந்த ஊரு?"

அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டான். வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னார்.

"அங்க யாரு வூடு?"

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். இதற்குள் மரத்தின் மேலிருந்தவர்கள் இறங்கி வண்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து, அரிசியில் கையை விட்டு அள்ளிப் பார்த்தான். பொன்னியா என்று கேட்டான். ஆமாம் என்று அக்கா தலையசைத்தாள். அவன் கை இன்னும் ஒரு சாண் இறங்கியிருந்தால் கோட்டின் காலர் தட்டுப்பட்டிருக்கும்.

"இன்னா மாப்ள, நீ சொல்லு. பொண்ணு எந்த ஊரு?" என்று முதலில் ஏறியவன் என்னைக் கேட்டான்.

ஊர்ப் பெயர் தொண்டை வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. தொடை ஆடியது, வேட்டி ஆடுவது அவர்களுக்குத் தெரிந்தது. செத்தேன் என்று நினைத்தேன்.

அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். "டேய், மாப்ளைக்குக் காலு நடுங்குதுடா!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "இப்பவே நடுங்குனா எப்புடி மாப்ள? இனிமேட்டு ஜென்மத்துக்கும் நடுக்கந்தான்" என்றான் ஒருவன். கல்யாணத்துக்கு நடுங்குகிறேன் என்று நினைத்தார்கள். அக்கா கணவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அப்படிப்பட்ட ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. அழுகையை விடக் கேவலமாக இருந்தது.

"வழி வுடுங்கப்பா, முகூர்த்த நேரம்" என்று யாரோ சொன்னார்கள். பத்துப் பேர் சேர்ந்து கிளையை வெட்டி மரத்தைப் புரட்டினார்கள். அதற்குள் நரைத்த பெரியவர் ஒருவர் டிரெய்லருக்குப் பக்கத்தில் வந்து என்னைக் குனியச் சொன்னார். மடியிலிருந்து பொட்டலம் ஒன்றை அவிழ்த்து, நிஜத் திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசினார். வியர்வையைத் தன் துண்டாலேயே ஒற்றி எடுத்துவிட்டுப் பூசினார். "புள்ள குட்டியோட நல்லா இருப்பா. பயப்படாத" என்றார்.

ஊர்த்தெருக்காரர் ஒருவர் அன்போடு என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. என்னைத் தொடவில்லை, அவர் நினைத்த வேறு யாரையோ தொட்டார். அந்தக் கை எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பதை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்கு உண்மை தெரிந்தால் அதே கை என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டே தலையைக் குனிந்திருந்தேன். ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் தைரியம் எங்கள் ஐந்து பேரில் யாருக்கும் இல்லை.

மூங்கில்துறைப்பட்டுக்கு முன்னால் ஒரு பம்பு செட்டில் முகம் கழுவினேன். அண்டாவிலிருந்து கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டேன். மடிப்புக்குள் அரிசி ஒட்டியிருந்தது. கோயிலில் பெண் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. சாமியாரும் வந்திருந்தார். எந்தக் குறையும் இல்லாமல் கல்யாணம் நடந்தது.

குறை என்று சொன்னால் ஒன்றுதான். பூசையில் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போனார்கள். மனதில் பாவம் இருப்பவர் அதை வாங்கக் கூடாது. அப்பா எழுந்திருக்கவில்லை. மகன் கல்யாணத்தில் உபதேசியார் நன்மை வாங்காமல், முட்டி போட்டபடி, கட்டைவிரலை மற்றக் கைக்குள் மூடிக்கொண்டு இருந்தார். ஏன் என்று பிற்பாடு என் மனைவி கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மகளிடம் சொன்னதே இல்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? பயத்தைச் சொத்தாகவா எழுதி வைப்பது?

கப்பலுக்குக் கோட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். வேட்டி கட்டினால் நாலு பேர் நின்று பார்ப்பார்கள், எந்த ஊர் என்று கேட்பார்கள். கோட்டு போட்டால் கூட்டத்தோடு கூட்டமாக இருந்துவிடலாம் என்று யோசித்துத்தான் முடிவு செய்தேன். கள்ளக்குறிச்சியில் என் அளவுக்கே தைத்தது. கை நீளம் இல்லை. டையை மகள் கட்டிவிட்டாள்.

விருந்துக் கூடத்தைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாகிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கோட்டு. கறுப்பும் கருநீலமுமாக எல்லா ஆண்களும் ஒரே மாதிரி. வட்ட மேஜையில் எங்களோடு இன்னொரு தம்பதி உட்கார்ந்தார்கள். அவருக்கும் என் வயசு, என் கோட்டின் நிறம்கூட. என் மனைவி தண்ணீர் கேட்டதை வைத்தே அவர் பிடித்துவிட்டார்.

"நீங்க நம்ம பக்கமா? பேச்சு அப்படித்தான் இருக்குது. எந்த ஊருங்க?"

"கள்ளக்குறிச்சிங்க."

"அட! கள்ளக்குறிச்சில எங்க?"

"தியாகதுருகம் பக்கம்."

"அந்தப் பக்கம் எனக்கு ஜாஸ்தி பழக்கமாச்சே. எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. முன்னால் சாய்ந்துகொண்டார். "தெரியுமே! ஊருல எங்க? யாரு வூடு?"

ஆசையாகத்தான் கேட்டார். மனுஷர் நல்லவர் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனால் மேஜைக்குக் கீழே என் தொடை ஆட ஆரம்பித்துவிட்டது. மகள் ஒன்றும் தெரியாமல் செல்போனை நீட்டி, "அப்பா, இங்க பாரு, சிரி" என்றாள்.

என் மனைவிதான் பதில் சொன்னாள். "காலனிங்க. மாதா கோயிலுக்குப் பின்னாடி வூடு." சொல்லிவிட்டு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்படீங்களா" என்றார் அவர். அதற்குள் சூப் வந்துவிட்டது. அவர் தன் மனைவி பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னார். அந்த அம்மா எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர்கள் ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. மழை, பேரப்பிள்ளை, கப்பலின் ஆட்டம் என்று பேச்சு போனது. அதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். சூப் சூடாக இருக்கிறது என்றுகூட அவர் மனைவியிடம் சொல்லியிருக்கலாம். நான் என்ன சாப்பிட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை. என் மனைவி மட்டும் வைத்ததை எல்லாம் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

சாப்பாடு முடிந்து மகளை அவள் அறை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். "உள்ள தாழ்ப்பா போட்டுக்கம்மா" என்றேன்.

"தானா பூட்டிக்கும்பா. நடுக்கடல்ல யாரு வரப்போறாங்க?"

"போட்டுக்க."

அவள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். பூட்டும் சத்தம் கேட்ட பிறகு எங்கள் அறைக்கு வந்தேன். என் மனைவி பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. என்னை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டினாள். பூட்டியதை இழுத்துப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்குக் கீழே குனிந்து, துணி அடைத்த பெரிய பெட்டியை இழுத்து, கதவுக்கு முட்டுக்கொடுக்கத் தள்ள ஆரம்பித்தாள். அவளால் தனியாகத் தள்ள முடியவில்லை. நான் கோட்டோடு குனிந்து ஒரு கை கொடுத்தேன்.